தமிழ் ஃபைல் பெயர்களோடு ஃபோல்டர் பட்டியல் பக்கம்: ட்ரீ கமாண்டில் எந்த ஆப்ஷன் எதற்கு?

லேப் டீச்சர், வண்டிப்பெரியாறு:

எல்லோருக்கும் வணக்கம். இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழி வகுப்புகளும் நடக்கிற ஒரு அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. பிள்ளைகள் உட்காரும் மெஷின்களில் எல்லாம் கைட் (கேரள அரசின் பள்ளிக் கணினிக் கல்வி நிறுவனம்) கொடுத்த லினக்ஸ் இருக்கிறது. மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் நெட் நிற்காது. அதனால் பழைய எஸ்எஸ்எல்சி வினாத்தாள், தமிழ்வழிப் பாடநூல் பிடிஎஃப், பாட வீடியோ எல்லாவற்றையும் ஒரு பழைய மெஷினில் போட்டு, லேபுக்குள் எந்த மெஷினிலும் பிரவுசரில் திறக்கிற மாதிரி வைக்க வேண்டும். அந்தப் பழைய மெஷினில் டெபியன் லினக்ஸ் மட்டும் இருக்கிறது, டெஸ்க்டாப் கிடையாது.

முதலில் பைத்தானோடு வரும் எச்டிடிபி.சர்வரை ஓட்டிப் பார்த்தேன். பட்டியல் வந்தது. ஆனால் ஃபைல் எவ்வளவு பெரியது, எந்தத் தேதி என்று எதுவும் இல்லை. வரிசையும் சரியில்லை: 'அலகுத் தேர்வு' என்ற ஃபோல்டருக்கு முன்னால் 'அறிவியல்' நிற்கிறது. வீடியோவை நடுவிலிருந்து பார்க்க இழுத்தால் நகர மாட்டேன் என்கிறது.

ஃபோல்டருக்குள் இருப்பதைக் கிளை கிளையாகக் காட்டும் ட்ரீ கமாண்ட் எச்டிஎம்எல் பட்டியலே எழுதித் தரும் என்று ஒரு நண்பர் சொன்னார். ஓட்டினால் டெர்மினலில் தமிழ்ப் பெயருக்குப் பதில் பின்சாய்வுக் கோடும் எண்களும் வருகின்றன. எச்டிஎம்எல்லாக எழுதிப் பிரவுசரில் திறந்தால் மேலே கோடு போட்ட லத்தீன் எழுத்துகளாகத் தெரிகிறது. மேன் பக்கத்தில் ஆப்ஷன்கள் கொட்டிக் கிடக்கின்றன. எனக்கு எவை வேண்டும், எவை வேண்டாம் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.


வேலந்தாவளத்தான், பாலக்காடு:

வணக்கம் டீச்சர். எங்கள் ஊர் நூலகத்து மெஷினில் இதே வேலையைத்தான் செய்து வைத்திருக்கிறேன். கமாண்டைத் தமிழ் எழுத்திலேயே சொல்கிறேன். ஒவ்வொரு எழுத்துக்கும் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவியில் அது மாறினால் வேலையே மாறிவிடும்.

முதலில் அந்த எண்கள். 340, 256 என்று திரும்பத் திரும்ப வந்திருக்குமே? யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். எட்டை அடியாகக் கொண்ட ஆக்டல் எண் முறையில் எழுதினால் முதல் பைட் எப்போதும் 340, இரண்டாவது 256 அல்லது 257. ஆக, ஃபைல் பெயர்கள் கெடவில்லை, பத்திரமாக இருக்கின்றன. உங்கள் மெஷினில் லோகேல் (எந்த மொழி, எந்த எழுத்து முறை என்ற அமைப்பு) அமைக்காமல் விட்டிருக்கிறது. 'லோகேல்' என்று டைப் செய்தால் போசிக்ஸ் என்று காட்டும். அந்த நிலையில் ட்ரீ, ஆங்கிலத்துக்கு வெளியே உள்ள எதையும் அச்சிட முடியாத குறி என்று எடுத்துக்கொள்ளும். எச்டிஎம்எல் எழுதும்போது பைட்டுகளை அப்படியே எழுதிவிட்டு, மேலே 'இந்தப் பக்கம் ஐஎஸ்ஓ-8859-1' என்று குறித்துவிடும். பிரவுசர் அதை நம்பி லத்தீனாகக் காட்டுகிறது.

இதற்கு இரண்டு வழி. டெர்மினலில் மட்டும் தமிழ் தெரிய வேண்டுமானால் பெரிய 'என்' ஆப்ஷன். அது பைட்டுகளை மாற்றாமல் வெளியே விடும். எச்டிஎம்எல்லுக்கு --சார்செட்=யூடிஎஃப்-8. ஆனால் நான் இரண்டையும் நம்பி நிற்க மாட்டேன். லோகேலையே சரிசெய்துவிடுங்கள், அதோடு வரிசைச் சிக்கலும் தீரும்.

/ஈடிசி/லோகேல்.ஜென் ஃபைலைத் திறந்தால் டிஏ_ஐஎன் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி, முன்னால் # குறி போட்டு முடக்கி வைத்திருக்கும். அந்தக் குறியை எடுத்துவிட்டு லோகேல்-ஜென் ஓட்டுங்கள். அப்புறம் கமாண்டுக்கு முன்னால் எல்சி_ஆல்=டிஏ_ஐஎன் என்று சேர்த்தால் போதும். ட்ரீ பெயர்களை அடுக்கும்போது லோகேலைக் கேட்டுத்தான் அடுக்கும். பைத்தான் சர்வர் யூனிகோட் எண்ணை மட்டுமே பார்க்கும். யூனிகோட் அட்டவணையில் ற, ல-வுக்கு முன்னால் இருக்கிறது. ன, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. ழவும் ளவும் வ-வுக்கு முன்னால். அதனால்தான் அறிவியல் முந்திக்கொண்டது. அதே கணக்கில் 'கனவு' என்ற பாடம் 'கவிதை'க்கு முன்னால் போய் நிற்கும். தமிழ் லோகேலில் அகராதி வரிசை கிடைக்கும்.

இனி ஆப்ஷன்கள். பட்டியல் போட வேண்டிய ஃபோல்டருக்குள் சிடி (ஃபோல்டர் மாறும் கமாண்ட்) செய்து போய்விடுங்கள். வெளியிலிருந்து முழுப் பாதை கொடுத்தால் லிங்க்குகள் எதிர்பார்த்தபடி அமையாமல் போகலாம்.

பெரிய எச், இடைவெளி, புள்ளி. எச்டிஎம்எல் வேண்டும் என்பது இதுதான். அந்தப் புள்ளி கட்டாயம். லிங்க் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. புள்ளியை விட்டால் அடுத்து எழுதிய ஆப்ஷனையே முகவரி என்று விழுங்கிவிடும். சின்ன எச் வேறு: ஃபைல் அளவை கே, எம், ஜி என்று படிக்கிற மாதிரி காட்டும். இரண்டும் உங்களுக்கு வேண்டும்.

பெரிய டி (டைட்டிலுக்கான டி): பக்கத்தின் தலைப்பு. மேற்கோள் குறிக்குள் தமிழிலேயே எழுதலாம்.

பெரிய எல், ஒரு எண்: எத்தனை அடுக்கு உள்ளே போக வேண்டும். வகுப்பு, பாடம், ஃபைல் என்றால் 3. சின்ன எல் முற்றிலும் வேறு. சிம்லிங்க்காக (வேறு இடத்தில் இருப்பதைச் சுட்டும் குறுக்குவழியாக) இருக்கும் ஃபோல்டருக்குள்ளும் போகச் சொல்வது. வீடியோக்கள் வேறு டிஸ்க்கில் இருந்து இங்கே லிங்க் மட்டும் போட்டிருந்தால் சின்ன எல்லும் தேவைப்படும்.

பெரிய ஐ, மேற்கோளுக்குள் பெயர்கள்: பட்டியலில் வரக்கூடாதவை. பல பெயர் இருந்தால் நடுவில் நேர்க்கோடு. மேற்கோள் போடாவிட்டால் ஷெல் அந்தக் கோட்டைப் பைப் என்று நினைத்துவிடும். இதில் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் கண்டிப்பாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பட்டியல் பக்கம் தன்னையே பட்டியலில் போட்டுக்கொள்ளும்.

--டிர்ஸ்ஃபர்ஸ்ட்: ஃபோல்டர்கள் மேலே, ஃபைல்கள் கீழே. --டைம்ஃபம்ட்: தேதியை எந்த வடிவில் காட்டுவது. பெரிய டி (டேட்டுக்கான டி) மட்டும் போட்டால் தமிழ் லோகேலில் மாதப் பெயரும் தமிழில் வரும். எனக்கு ஆண்டு-மாதம்-நாள் என்று எண்ணாக இருப்பதுதான் பிடிக்கும். --டைம்ஃபம்ட் போட்டாலே தேதி வந்துவிடும், தனியாக டி தேவையில்லை.

சின்ன ஓ, பெயர்: எந்த ஃபைலில் எழுத வேண்டும்.

இவ்வளவு போதும் டீச்சர். மற்றவை இப்போதைக்கு வேண்டாம்.


மறையூர் மாணவன்:

ஒரு சந்தேகம் அண்ணா. என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் ஆட்டோஇண்டெக்ஸ் ஆன் என்று ஒரே வரி போட்டால் அதுவே பட்டியல் தருகிறதே. ஃபைல் சேர்த்தால் உடனே தெரியும், எதையும் திரும்ப ஓட்ட வேண்டாம். எதற்கு ட்ரீ? எங்கள் பாலிடெக்னிக்கில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.


நகரித் தறி:

தம்பி கேட்பது சரியான கேள்வி. நான் நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறவர்களுக்கு டிசைன் ஃபைல் சேமித்துத் தருகிறேன், அதற்கு என்ஜின்எக்ஸ் ஆட்டோஇண்டெக்ஸ்தான் ஓடுகிறது. நல்ல சர்வர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்திய மொழிப் பெயர்கள் இருந்தால் சில வரிகளைக் கூடவே போட வேண்டும்.

ஒன்று, சார்செட் யூடிஎஃப்-8. இதைப் போடாவிட்டால் பெயர் நீளத்தை பைட்டில் எண்ணும். என்ஜின்எக்ஸ் பட்டியலில் பெயருக்கு 50 இடம்தான். அதைத் தாண்டினால் வெட்டிவிட்டு இரண்டு புள்ளி போடும். தமிழ்க் குறிக்கு 3 பைட் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், பதினாறு பதினேழு குறியிலேயே பெயர் முடிந்துவிடும். சார்செட் போட்டால் குறிகளை எண்ணும், அப்போதும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியாகத்தான் கணக்கில் சேரும். அந்த 50ஐ கான்ஃபிக்கில் மாற்ற வழியில்லை.

இரண்டு, ஆட்டோஇண்டெக்ஸ்_லோக்கல்டைம் ஆன். போடாவிட்டால் நேரம் கிரீன்விச் கணக்கில் வரும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். எங்கள் ஆட்கள் 'இன்று காலை அனுப்பிய டிசைன் எங்கே, நேற்று ராத்திரி என்று காட்டுகிறதே' என்று கேட்டது இதனால்தான்.

மூன்று, ஆட்டோஇண்டெக்ஸ்_எக்ஸாக்ட்_சைஸ் ஆஃப். அப்போதுதான் அளவு கே, எம் என்று வரும்.

அடுக்குவதை மட்டும் மாற்ற முடியாது. ஃபோல்டர் முதலில், அப்புறம் பைட் வரிசை. எங்களிடம் ஆங்கிலம், தமிழ், தெலுங்கு மூன்றிலும் ஃபைல் பெயர் இருக்கிறது. யூனிகோடில் தமிழ்த் தொகுதி முதலில், அடுத்து தெலுங்கு, கன்னடம், கடைசியில் மலையாளம். எனவே ஆங்கிலம் மேலே, தமிழ் நடுவே, தெலுங்கு கீழே என்று தானாகப் பிரிந்துகொள்கிறது. எங்களுக்கு அது வசதியாகவே அமைந்துவிட்டது. மொழிக்குள் வரிசை சரியாக வேண்டும் என்பதற்காகப் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடச் சொல்லிவிட்டேன். டீச்சரும் அதைச் செய்யலாம், எந்த சர்வருக்குப் போனாலும் வரிசை கலையாது.


மறையூர் மாணவன்:

அப்பாச்சி வெப் சர்வரில் இந்த 50 பிரச்சினை இல்லைதானே அண்ணா?


நகரித் தறி:

அங்கே வேறு மாதிரி. நேம்விட்த் என்று ஒரு ஆப்ஷன், தானாக இருப்பது 23, அதுவும் பைட்டில். கடைசி மூன்று இடம் புள்ளிகளுக்கும் அம்புக்குறிக்கும் போனால் மிச்சம் 20 பைட். ஆறு தமிழ்க் குறி 18 பைட், ஏழாவது குறியின் இரண்டு பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெட்டும். அந்த இடத்தில் கறுப்புக் கேள்விக்குறி ஒன்று உட்கார்ந்திருக்கும். நேம்விட்த்=* என்று நட்சத்திரம் போட்டால் தீர்ந்தது, பெயர் எவ்வளவு நீளமோ அவ்வளவும் காட்டும். சார்செட்=யூடிஎஃப்-8ம் சேர்க்க வேண்டும், லினக்ஸில் தானாக இருப்பது ஐஎஸ்ஓ-8859-1. டெபியனில் நிறுவினால் இரண்டையும் அவர்களே போட்டுத்தான் தருகிறார்கள். வேறு இடத்திலிருந்து கான்ஃபிக்கைக் காப்பி அடிக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.


வேலந்தாவளத்தான், பாலக்காடு:

நகரி அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனாலும் டீச்சரின் லேபுக்கு நான் ட்ரீயைத்தான் சொல்வேன். சர்வர் எதுவாக இருந்தாலும் அது உயிரோடு இருக்கும்வரைதான் ஆட்டோஇண்டெக்ஸ் பட்டியல் இருக்கும். ட்ரீ எழுதிய பக்கம் ஒரு ஃபைல். பெரிய எச்சுக்குப் புள்ளி கொடுத்ததால் உள்ளே உள்ள லிங்க் எல்லாம் 'இந்த ஃபோல்டரிலிருந்து' என்று மட்டுமே இருக்கும், எந்த மெஷினின் முகவரியும் இருக்காது. அந்த ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் போட்டால் பட்டியலும் கூடவே போகும். எஸ்டேட் லயத்தில் இருக்கிற பிள்ளை, வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகி இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்லைத் திறந்தால் லேபில் பார்த்த அதே பக்கம். நெட் வேண்டாம், சர்வர் வேண்டாம், லினக்ஸ்கூட வேண்டாம்.

எங்கள் நூலகத்தில் பசங்கள் அப்படித்தான் கொண்டு போகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது பென் டிரைவ்கள் மேசையில் வரிசையாகக் கிடக்கும். நான் ட்ரீயில் நின்றுவிட்டதற்கு அதுதான் காரணம்.

உங்கள் ஃபோல்டர் தினமும் மாறுவதில்லை. வினாத்தாள் வரும்போது ஒரு முறை ஓட்டினால் போதும். நிமிடத்துக்கு ஒரு முறை மாறுகிற ஃபோல்டர் என்றால் நானும் ஆட்டோஇண்டெக்ஸ்தான் சொல்லியிருப்பேன்.

லேபுக்குள் பரிமாற என்ஜின்எக்ஸையே போடுங்கள், ஆட்டோஇண்டெக்ஸ் மட்டும் வேண்டாம். இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் இருந்தால் அதைத் தானாகக் காட்டும். வீடியோவும் இழுத்த இடத்திலிருந்து ஓடும். ஃபைலின் நடுப்பகுதியை மட்டும் கேட்டால் தர என்ஜின்எக்ஸுக்குத் தெரியும், பைத்தான் சர்வர் தலையிலிருந்து முழுசாகத்தான் அனுப்பும்.


லேப் டீச்சர், வண்டிப்பெரியாறு:

மிக்க நன்றி சார். லோகேல் போட்டதும் எழுத்து வந்துவிட்டது. அலகுத் தேர்வு முன்னால், அறிவியல் பின்னால். என்ஜின்எக்ஸில் வீடியோவும் நன்றாக ஓடுகிறது. பென் டிரைவில் போட்டு வீட்டு லேப்டாப்பில் திறந்து பார்த்தேன், அங்கேயும் வேலை செய்கிறது. இது நான் எதிர்பாராத லாபம்.

இரண்டு கேள்வி. ஃபோல்டருக்கு நேராக எல்லா இடத்திலும் 4.0கே என்றே காட்டுகிறது, ஏன்?

அப்புறம், அதே ஃபோல்டருக்குள் 'பொதுத்தேர்வு மதிப்பெண்' என்று தொடங்கும் சில ஃபைல்கள் இருக்கின்றன. ஆசிரியர்களுக்கு மட்டும். பெரிய ஐயில் 'பொது*' என்று கொடுத்தேன். சில மறைந்தன, சில மறையவில்லை. பார்வைக்கு எல்லாப் பெயரும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. மறையாதவை எல்லாம் வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் பழைய மேக்கிலிருந்து ஜிப்பாக அனுப்பியவை.


ஆரியங்காவு:

டீச்சர், இரண்டாவது கேள்விக்கு நான் முதலில் வருகிறேன். மறைவது, மறையாதது என்பதைவிட இது பெரிய விஷயம்.

பெரிய ஐ பட்டியலில் வராமல் செய்யும், அவ்வளவுதான். ஃபைல் அங்கேயேதான் இருக்கிறது, என்ஜின்எக்ஸ் அதைத் தரத் தயாராகத்தான் இருக்கிறது. பெயர் தெரிந்தவன் முகவரியில் டைப் செய்தால் திறக்கும். கதவைப் பூட்டாமல் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றி வைத்த மாதிரி. அப்பாச்சியின் இண்டெக்ஸ்இக்னோரும் இப்படித்தான், பட்டியலோடு அதன் வேலை முடிந்தது. பென் டிரைவில் காப்பி செய்தாலோ இன்னும் மோசம், ஃபைலே பிள்ளைகளின் கையோடு போய்விடும்.

மதிப்பெண் பட்டியல் பிள்ளைகளின் சொந்த விவரம். அது வலை சர்வரின் ஃபோல்டருக்குள் இருக்கவே கூடாது. வெளியே வேறு ஃபோல்டருக்கு மாற்றுங்கள், ஆசிரியர் கணக்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். சிம்லிங்க் போட்டும் உள்ளே கொண்டுவராதீர்கள். என்ஜின்எக்ஸ், பைத்தான் சர்வர் இரண்டுமே சிம்லிங்க் வழியாக ஃபோல்டருக்கு வெளியே போய் ஃபைலை எடுத்துக் கொடுக்கும்.

பைத்தான் சர்வரை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபைல்களைக்கூட அது பட்டியலில் காட்டும். ட்ரீ, சின்ன ஏ கொடுத்தால் ஒழியக் காட்டாது. பைத்தான் சர்வர் தானாக எல்லா நெட்வொர்க் முகவரியிலும் காது கொடுக்கும், உங்கள் மெஷினில் மட்டும் பார்க்க வேண்டுமானால் --பைண்ட் 127.0.0.1 என்று சொல்ல வேண்டும். பொது இடத்தில் ஓட்ட இது உகந்ததல்ல என்று பைத்தான் ஆவணமே எழுதி வைத்திருக்கிறது.

4.0கே: அது ஃபோல்டர் என்ற பதிவு டிஸ்க்கில் பிடிக்கும் இடம், உள்ளே உள்ள ஃபைல்களின் மொத்தம் இல்லை. --டியு சேர்த்தால் உள்ளே உள்ளதைக் கூட்டிக் காட்டும்.


வேலந்தாவளத்தான், பாலக்காடு:

ஆரியங்காவு நண்பர் சொன்னதை முதலில் செய்துவிடுங்கள் டீச்சர். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் பெயர் பொருந்தாத சிக்கல் தனியானது. நாளைக்கு வினாத்தாள்களிலும் வரும். அதையும் பார்த்துவிடுவோம்.

'பொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ப-வுக்குப் பின் 'ஒ'கரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது ப-வுக்குப் பின் ஒற்றைக் கொம்பு, அதன்பின் கால் என்று இரண்டு குறி. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. மேக்கின் பழைய ஃபைல் அமைப்பு எல்லாப் பெயரையும் இரண்டாவது விதமாகப் பிரித்துத்தான் சேமிக்கும், அங்கே கட்டிய ஜிப்பிலும் பிரிந்தபடியே வரும். லினக்ஸ் வந்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். நீங்கள் கீபோர்டில் 'பொது*' என்று அடித்தது முதல் விதம். ட்ரீ பைட்டுக்கு பைட் ஒப்பிடுகிறது, எனவே பொருந்தவில்லை.

நேரில் பார்க்க வேண்டுமா? முதல் நாள் உங்களைத் தொந்தரவு செய்த அந்த எண்களே இப்போது உதவும். எல்சி_ஆல்=சி என்று போட்டு ட்ரீயை எச்டிஎம்எல் இல்லாமல் ஓட்டுங்கள். நல்ல ஃபைலில் பெயர் இப்படித் தொடங்கும்:

\340\256\252\340\257\212

முதல் மூன்று ப, அடுத்த மூன்று ஒகரக் குறி. மேக்கிலிருந்து வந்ததில்:

\340\256\252\340\257\206\340\256\276

முதல் மூன்று ப, அடுத்து 206இல் முடிவது கொம்பு, 276இல் முடிவது கால். கொ, கோ, கௌ வரிசையில் உள்ள எந்த எழுத்துக்கும் இது நடக்கும். 'தொகுப்பு', 'கேள்வி' இரண்டில் தொகுப்பு மாட்டும், கேள்வி மாட்டாது. ஏகாரக் குறி எப்படியும் ஒன்றுதான்.

சரிசெய்ய கான்வ்எம்வி என்று ஒரு கருவி, டெபியனில் கிடைக்கும். சின்ன ஆர் (உள் ஃபோல்டர்களுக்கும்), சின்ன எஃப் யூடிஎஃப்8, சின்ன டி யூடிஎஃப்8, --என்எஃப்சி, கடைசியில் புள்ளி. இப்படி ஓட்டினால் எதை எப்படி மாற்றப் போகிறது என்று மட்டும் சொல்லும், தொடாது. பட்டியலைப் படித்துத் திருப்தியானால் --நோடெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள், அப்போதுதான் பெயர் மாறும். பெயர் மாற்றிய பின் ட்ரீயையும் ஒரு முறை ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் பழைய லிங்க்குகள் திறக்காது.


நகரித் தறி:

இது தெலுங்கிலும் உண்டு, ஐகாரக் குறி இரண்டாகப் பிரியும். எங்கள் டிசைன் ஃபைல் ஒன்று கண்ணெதிரே இருந்தும் தேடலில் கிடைக்காமல் போனதற்குக் காரணம் இன்றைக்குத்தான் விளங்குகிறது. கான்வ்எம்வி இன்றே ஓட்டிப் பார்க்கிறேன். நன்றி.


லேப் டீச்சர், வண்டிப்பெரியாறு:

மதிப்பெண் ஃபைல்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன். அது ஆசிரியர் அறை மெஷினில் மட்டும் இருக்கும். கான்வ்எம்வி நீளமாக ஒரு பட்டியல் காட்டியது, அதில் வினாத்தாள்களும் நிறைய. மாற்றிவிட்டேன். இப்போது பெரிய பி கொடுத்து 'தொகுப்பு*' மட்டும் தனிப் பக்கமாகப் போட்டால் ஒன்றுகூட விடாமல் வருகிறது. ஆனால் காலி ஃபோல்டர்களும் கூடவே வருகின்றன.

இன்னொன்று. நான் இல்லாத நாளில் வேறு டீச்சர் ஃபைல் சேர்ப்பார்கள். ராத்திரியில் தானாகப் பட்டியல் புதுப்பிக்க வழி உண்டா? எங்கள் பக்கம் கரண்டையும் நம்ப முடியாது.


வேலந்தாவளத்தான், பாலக்காடு:

பெரிய பி ஃபைல்களை மட்டுமே சலிக்கும், ஃபோல்டர்களை விட்டுவிடும். அதனால்தான் காலியானவை நிற்கின்றன. --ப்ரூன் சேர்த்தால் போய்விடும்.

தானாக ஓட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் போடுங்கள். மூன்று விஷயம் அதில் இருக்க வேண்டும்.

லோகேலை ஸ்கிரிப்டுக்குள்ளேயே முதல் வரியில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கிரான் ஓட்டும்போது உங்கள் டெர்மினலின் அமைப்பு அங்கே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

சிடி செய்யும் வரியில் ஃபோல்டர் கிடைக்காவிட்டால் அங்கேயே நிறுத்தும்படி எழுதுங்கள். வெளி டிஸ்க் கழன்று கிடக்கும் நாளில் வேறு ஃபோல்டரின் பட்டியலை எழுதி வைத்துவிடக் கூடாது.

கரண்ட் விஷயத்துக்கு: சின்ன ஓவில் நேராக இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்று கொடுக்காமல், புள்ளியில் தொடங்கும் ஒரு தற்காலிகப் பெயர் கொடுங்கள். புள்ளியில் தொடங்குவதால் பட்டியலில் வராது. ட்ரீ பிழையில்லாமல் முடிந்தால் மட்டும் எம்வி செய்து இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்லாகப் பெயர் மாற்றுங்கள். ஒரே டிஸ்க்குக்குள் பெயர் மாற்றுவது ஒரே அடியில் நடக்கும். நடுவில் கரண்ட் போனாலும் பழைய பட்டியல் முழுதாக இருக்கும், பாதிப் பக்கம் யார் கண்ணிலும் படாது.

எல்லாம் சேர்ந்தால் நடு வரி இப்படி இருக்கும். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில், டைட்டிலைத் தவிர. இதில் எச் முதலாவது பெரியது, இரண்டாவது சின்னது. டி, எல், ஐ பெரியவை. ஓ சின்னது.

ட்ரீ -எச் . -டி "தமிழ்வழிப் பாடங்கள்" -எல் 3 -எச் --டியு --டிர்ஸ்ஃபர்ஸ்ட் --டைம்ஃபம்ட் '%ஒய்-%எம்-%டி' --சார்செட்=யூடிஎஃப்-8 -ஐ 'இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்' -ஓ .புதுசு.எச்டிஎம்எல்

தேதி வடிவில் ஒய் பெரியது, எம்மும் டியும் சின்னவை. பெரிய எம் போட்டால் மாதத்துக்குப் பதில் நிமிடம் வந்துவிடும்.


மறையூர் மாணவன்:

அண்ணா, ட்ரீ பக்கத்தின் அடியில் அதன் பதிப்பு விவரமும், எத்தனை ஃபோல்டர், எத்தனை ஃபைல் என்பதும் வருகிறதே. அந்த இடத்தில் பள்ளிப் பெயர் போட முடியுமா?


வேலந்தாவளத்தான், பாலக்காடு:

முடியும் தம்பி. எண்ணிக்கை வேண்டாம் என்றால் --நோரிப்போர்ட். மேல் பகுதியும் கீழ்ப் பகுதியும் சொந்தமாக வேண்டுமானால் புதிய 2 வரிசைப் பதிப்புகளில் --ஹிண்ட்ரோ, --ஹவுட்ரோ என்று இரண்டு ஆப்ஷன். இரண்டுக்கும் நீ எழுதிய எச்டிஎம்எல் துண்டின் பெயரைக் கொடு. மேல் துண்டை நீயே எழுதினால் அதில் சார்செட் யூடிஎஃப்-8 என்ற மெட்டா வரியையும் நீயேதான் எழுத வேண்டும், ட்ரீ சேர்க்காது. பழைய 1.8இல் இவை கிடையாது. ட்ரீ --வெர்ஷன் என்று கேட்டுப் பார்த்துக்கொள்.


லேப் டீச்சர், வண்டிப்பெரியாறு:

கிரான் நேற்று ராத்திரி ஓடியிருக்கிறது, காலையில் புதுப் பட்டியல் தயாராக இருந்தது. ஒரே ஒரு ஃபோல்டரில் மட்டும் ஃபைல் பெயர் தெரிகிறது, கிளிக் செய்தால் 403 என்று வருகிறது. பக்கத்து டீச்சர் தன் கணக்கிலிருந்து காப்பி செய்து வைத்த ஃபோல்டர் அது.


ஆரியங்காவு:

அனுமதிதான் டீச்சர். பட்டியல் எழுதும் ஸ்கிரிப்ட் எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கில் ஓடுகிறது, அதனால் அதற்கு எல்லாம் தெரிகிறது. என்ஜின்எக்ஸ் டெபியனில் டபிள்யுடபிள்யுடபிள்யு-டேட்டா என்ற கணக்கில் ஓடும், அதற்கு அந்த ஃபைலைப் படிக்க உரிமை இல்லை. அந்த ஃபோல்டரில் சிஎச்மாட், பெரிய ஆர், அப்புறம் ஏ+ஆர்எக்ஸ் என்று கொடுங்கள். ஏ, ஆர் சின்னவை, எக்ஸ் மட்டும் பெரியது. பெரிய எக்ஸ் என்றால் ஃபோல்டருக்கு மட்டும் நுழையும் உரிமை கொடுக்கும், பிடிஎஃப்களை எல்லாம் ஓட்டக்கூடிய ஃபைலாக மாற்றாது.

கிரானையும் ரூட்டிலிருந்து எடுத்து, அந்த ஃபோல்டரில் எழுத உரிமை உள்ள ஒரு சாதாரணக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அப்போது படிக்க முடியாத ஃபோல்டரின் உள்ளே இருப்பது பட்டியலுக்கே வராது.


லேப் டீச்சர், வண்டிப்பெரியாறு:

சிஎச்மாட் கொடுத்ததும் திறந்துவிட்டது. கிரானை என் கணக்குக்கு மாற்றிவிட்டேன். ஸ்கிரிப்டை அச்சடித்து லேப் சுவரில் ஒட்டியிருக்கிறேன், எந்த எழுத்து பெரியது, எது சின்னது என்று மலையாளத்திலும் தமிழிலும் பக்கத்தில் எழுதி. தேவிகுளம் பக்கம் இரண்டு தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து இதே அமைப்பு கேட்டிருக்கிறார்கள். அங்கே மெஷின்களில் ட்ரீ 1.8தான் இருக்கிறது, ஹிண்ட்ரோ இல்லாமலே அனுப்புகிறேன்.